கடைசிப் பந்தி

நற்கருணைக்கு முதல் பந்தி எழுந்து நடுப்பாதையில் நகரத் தொடங்கியபோதே எப்சிபாவின் விரல்கள் வியர்த்துவிட்டன. வியர்த்தால் ஆர்கன் கட்டை வழுக்கும், கட்டை வழுக்கினால் பாட்டு இடறும், பாட்டு இடறினால் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்கிற டிரில் மாஸ்டர் பாக்கியநாதன் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வை அடுத்த ஞாயிறு வரை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொள்ள ஒரு சின்ன இடைவெளி கிடைத்தால் போதும். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே ஜனங்கள் மூச்சு விடுகிற நேரம்தான் அந்த இடைவெளி, இன்றைக்கு அதையும் யாரும் தரவில்லை, பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் முடிந்த மறுநாள் என்பதால் கோயில் நிரம்பி வராந்தா வரைக்கும் ஆள், எல்லாருக்கும் குரல் வந்துவிட்டது. கிருபாபுரத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். அதே கணக்கில், மேளம் முதல் புல்லாங்குழல் வரை எல்லாச் சத்தமும் போடுகிற இந்தக் கீபோர்டை ஆர்கன் என்பார்கள், அதை வாசிக்கிறவள் ஆர்கன் டீச்சர். பீடத்தைச் சுற்றின கிராதிக்குக் கொஞ்சம் பின்னால், பக்கச் சுவரோரத்து மேடையில் உட்கார்ந்து, ஐயர் அப்பமும் திராட்சரசமுமாக நற்கருணை கொடுக்கத் தொடங்கியதிலிருந்து கடைசி ஆள் எழுந்து போகும் வரைக்கும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டியது ஆர்கன் டீச்சர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை எப்சிபா எவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள் என்று பார்த்துச் சபையார் அவளுக்கு ஒரு வருடம் சால்வை கூடப் போர்த்தினார்கள்.

அவள் உட்காருகிற இடத்திலிருந்து முழங்கால் போட்டவர்களின் முகம் தெரியாது. கிராதிக்கு முன்னால் ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும், முதுகுக்குக் கீழே வரிசையாக உள்ளங்கால்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த, யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக மல்லாந்து கிடக்கிற உள்ளங்கால்கள். இத்தனை வருடத்தில் சபையில் யாருடைய பாதம் எது என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். முந்திரி ஆலை வைத்திருக்கிற சாலமோனுடைய பாதம் குழந்தைப் பாதம் மாதிரி ரோஸ் நிறம், மண்ணை மிதித்த அடையாளமே கிடையாது. அவர் ஆலையில் கொட்டை உடைக்கிற தங்கபுஷ்பத்தின் பாதத்தில் வெடிப்பு வெடிப்பாகச் செம்மண் குடியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் இந்தத் தேரிமண் போகாது. இரண்டு ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஐயரம்மாவுக்கு இடது கால் சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கியிருக்கும், பாவம், அதை மறைக்கப் புடவையை இழுத்து இழுத்து விடுவார்கள். எல்லாரும் வந்தார்கள், குனிந்தார்கள், எடுத்தார்கள், எழுந்து போனார்கள். சண்டை போட்டவனும் வந்தான், எல்லைக்கல்லை நகர்த்தி நட்டவனும் வந்தான், அவன் எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவதை அவள் இங்கே உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு ஆள் மட்டும் வந்ததில்லை. அது ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொள்வதில்தான் அவளுடைய புத்தி எல்லாம் செலவாகியிருந்தது.

தந்திரம் ரொம்பச் சுலபமானது. நற்கருணை ஞாயிற்றில் கிருபாபுரத்தில் இரண்டு ஆராதனை, விடியற்காலத்தில் ஒன்று, அப்புறம் காலையில் ஒன்று, இரண்டுக்கும் எப்சிபாதான் ஆர்கன். விடியற்கால ஆராதனையில் ஐயர் அப்பத் தட்டோடு அவள் பக்கம் திரும்பினால், அவள் தலையை ஆட்டி, அடுத்ததில் எடுத்துக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். இரண்டாவது ஆராதனையில் திரும்பினால், விடியக்காலையிலேயே எடுத்துவிட்டேன் என்று அதே கண், அதே தலையாட்டல். ஐயர்மார் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், ஒவ்வொரு புது ஐயருக்கும் ஒரே ஒரு மாதம்தான் சந்தேகம் இருக்கும், அடுத்த மாதத்திலிருந்து அவர் அவள் பக்கம் திரும்புவதையே விட்டுவிடுவார். பொய் ஒன்றும் வாயால் சொல்லவில்லை என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொள்வாள். வாயால் சொன்னால்தான் பொய்யா என்று கேட்கிற அளவுக்கு அவளுக்கு வேதம் தெரியும், ஆனாலும் கேட்டுக்கொள்ள மாட்டாள். இன்றைக்கு அந்தத் தந்திரம் பலிக்காது, ஏனென்றால் இன்றைக்கு ஒரே ஆராதனை. நேற்று பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்துத் திடப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார், இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை எடுக்கிறார்கள், அதற்காகச் சபை மொத்தமும் ஒன்றாகக் கூடியிருக்கிறது. வழக்கப்படி புதுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பந்தி. ஊர் முழுக்க எடுத்து முடித்து அவரவர் இடத்தில் உட்கார்ந்த பிறகு, பிள்ளைகள் அவரவர் அப்பா அம்மாவோடு வந்து முழங்கால் போடுவார்கள், சபை அதைப் பார்த்துச் சந்தோஷப்படும். மூன்றாவது பெஞ்சில், வெள்ளைப் பாவாடையும் வெள்ளை முக்காடுமாக, கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவளுடைய மகள் கெசியா உட்கார்ந்திருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் கெசியா முக்காட்டைக் கழற்றாமலே அடுக்களை வாசலில் வந்து நின்றாள். பேராயரின் கை பட்ட இடம் கலைந்துவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. "ம்மா, நாளைக்குக் கடைசிப் பந்தியில நீ எங்கூட வாரியா?" என்று கேட்டாள். எப்சிபா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நான் வாசிக்கணும்லா, நீ அப்பாகூட போ என்றாள். "அப்பா உங்கூட போகச் சொல்லுதாங்க" என்றாள் கெசியா. அப்புறம், "அப்ப நான் யாருகூடப் போவேன்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை, பஸ்ஸுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள். எப்சிபா வெங்காயத்தை இன்னும் வேகமாக நறுக்கினாள். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் முழங்கால் போட என்ன நோவு, எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவதே வேலை என்று ராத்திரிச் சமையல் முழுக்க ஆசீரை மனசுக்குள் வைதுகொண்டேயிருந்தாள். இப்போது இரண்டாவது பந்தி எழுந்து போகிறது, ஆசீர் நடுப்பாதையின் தலைமாட்டில் நின்றுகொண்டு வலது கையை லேசாக அசைத்து அடுத்த வரிசையை அனுப்புகிறான். சபையில் அவன் வேலை அதுதான். யாரும் முண்டாமல், யாரும் முந்தாமல், அவன் கை அசைந்தால் ஒரு வரிசை எழும், கை தாழ்ந்தால் நிற்கும். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஊரார் கேட்பார்கள். வீட்டிலும் அவன் அப்படித்தான், கை அசைப்பான், வாய் திறக்க மாட்டான். ஒரே ஒரு தடவை திறந்தான், இப்ப வேண்டாமே எப்சி என்றான், அதோடு சரி.

இப்ப வேண்டாமே எப்சி. பாட்டு மாறியது, டிரில் மாஸ்டர் விரலைத் தூக்கிக் காட்டினார், விரல்கள் தாமாக அடுத்த ராகத்துக்குப் போய்விட்டன, அவள் அங்கேயே நின்றுவிட்டாள். கெசியா அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். எப்சிபாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அந்த வருடம் நீண்ட லீவு எடுத்தால் இடம் போய்விடும் என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். ஆசீருடைய அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். இதெல்லாம் காரணம்தான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் இதைவிடக் கஷ்டத்தில் பெற்று வளர்த்தவர்கள் பாடகர் குழுவிலேயே இருக்கிறார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள்தான் ஆசீரிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள்? சந்தோஷமாகச் சொன்னாளா? இந்த இடத்தில் நினைவு எப்போதும் தடுக்கி விழும். பல வருடமாக அவள் மனசில் ஓடுகிற படத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள், அவன் அந்த வார்த்தையைச் சொல்கிறான், அவள் தலை குனிகிறாள், குற்றம் அவன் பக்கம் விழுகிறது. ஆனால் உண்மையில் அவள், இன்னொண்ணு இருக்கு, என்ன செய்யப்போறோம் என்றல்லவா கேட்டாள். என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டவளுக்குப் பதில் தெரிந்துதானே இருந்தது. அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றவள் அவள். அவன் சொன்னதும் ஒரு நிமிஷம் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்ததே, அதை யாரிடம் போய்ச் சொல்வது.

அப்புறம் டவுன் ஆஸ்பத்திரி, பச்சைத் திரை, ஒரு நர்ஸ் அவள் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டது. அதெல்லாம் கூட அவளைத் துரத்தவில்லை. துரத்துவது பூரி. சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள், பூரி கிழங்கு வந்தது, அவளுக்கு அப்படி ஒரு பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி. ஒரு செட் தின்று, இன்னொரு செட் சொல்லி, கிழங்கில் கிடந்த பச்சை மிளகாயைக் கூட ஒதுக்காமல் தின்றாள், அது ருசியாக இருந்தது. அதுதான். ருசியாக இருந்தது. எதிரே ஆசீர் ஒன்றையும் தொடாமல் சுவரில் தொங்கின காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே அருவருப்பாயிருக்கிறது இவனுக்கு என்று அவள் நினைத்தாள், நினைத்துக்கொண்டே தின்றாள். எந்தத் தாய் அந்தச் சாயங்காலத்தில் ருசி பார்த்துத் தின்பாள் என்ற கேள்வி அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது முளைத்தது, அடுத்த நற்கருணை ஞாயிற்றில் அப்பம் பக்கத்தில் வந்தபோது அவள் வாய் இறுகிப்போயிற்று. தகுதியில்லாமல் எடுக்கிறவர்கள் தண்டனையைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று அவளுடைய சின்ன வயதில் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவள் அப்படியே நம்பினாள். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வாசித்தவள்தான், இன்று வரைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

பேசாமல் இருந்ததில்லை, பேசித்தான் பார்த்தாள். நாத்தனார் ரூபி குவைத்தில் நர்ஸ், லீவில் வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னாள். ரூபி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி, அது அந்த நேரத்துல ஒண்ணுமே இல்ல, பாவம் கீவம்னு போட்டுக் குழப்பாதீங்க என்றாள். நல்ல மனசோடு சொன்னாள், எப்சிபாவும் தலையாட்டினாள், மறுநாளும் வாய் இறுகித்தான் இருந்தது. ரூபிக்கு அது ஒன்றுமில்லாததாக இருக்கலாம், எப்சிபா மனசு அதை ஒன்றுமில்லை என்று எண்ண மறுத்துவிட்டது, அதற்குமேல் யார் என்ன செய்ய முடியும். போன கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தலில் வந்த பிரசங்கியாரோ ரூபி சொன்ன பக்கமே வரமாட்டார். கருவைக் கலைத்தவளின் கையில் ரத்தம் காயாது, நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பிள்ளையே எழுந்து அவளை நோக்கி விரல் நீட்டும் என்று மைக் கீச்சிடக் கீச்சிடக் கத்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து பெரிய சத்தமாக ஆமென் எழுந்தது, அதில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது எப்சிபா. சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவள் பார்ப்பாளே. அவளைக் கூட்டிக்கொண்டு போனவனைப் பற்றி, வேலை போய்விடும் என்று சிரித்தவர்களைப் பற்றி, அந்தப் பிரசங்கியார் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஒருவர் மன்னிக்கவே முடியாது என்றார், இன்னொருத்தி மன்னிக்க ஒன்றுமே இல்லை என்றாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு. நடந்தது நடந்ததுதான் என்று சொல்லி, அதற்கு மேலும் உள்ளே வா என்று சொல்கிற ஒரு குரல். அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார், முன்பு இருந்த எபனேசர் ஐயர், அவரிடமும் அவள் நேராகப் போகவில்லை. என் சிநேகிதி ஒருத்தி ஐயா, இப்படி இப்படி, அவ நற்கருணை எடுக்கலாமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவங்களை வரச் சொல்லும்மா, நான் கொடுக்கேன் என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் மாற்றலாகிப் போகிற வரைக்கும் மாதா மாதம், உன் சிநேகிதி வந்தாங்களா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். இல்லாத சிநேகிதிக்கு எத்தனை காய்ச்சல், எத்தனை வெளியூர்ப் பயணம் கற்பித்தாள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்தால் சுரம் தப்பும். டிரில் மாஸ்டர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டார்.

ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டன. கிராதியில் முந்திரி ஆலை சாலமோனுடைய ரோஸ் பாதம் வந்துபோயிற்று, தங்கபுஷ்பம் வந்துபோனாள். இப்போது இருக்கிற கிப்சன் ஐயர் சின்ன வயது, பிரசங்கத்தில் கதை சொல்லத் தெரியாது, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கத் தெரியாது. ஆனால் இன்று காலை புதுப் பிள்ளைகளைப் பார்த்து ஒன்று சொன்னார், அது அவள் காதிலேயே இருக்கிறது. "நீங்க நல்ல பிள்ளைகள்னு சர்ட்டிபிகேட் வாங்க இங்க வரல்ல. சாப்பிட வாரீங்க. பசிக்கலன்னா வர வேண்டாம்." பிள்ளைகள் சிரித்தார்கள். எப்சிபாவுக்கு அந்தப் பஸ் நிலையத்து ஓட்டல் மேஜை ஞாபகம் வந்து முகம் சுட்டது. பசிக்கலன்னா வர வேண்டாம். பசித்ததுதானே அவளுடைய குற்றம். இல்லை, ஒரு நிமிஷம். அன்றைக்கு ஒரு பசி, அதைப் பேய்ப்பசி என்று வைத்துக்கொண்டாள், அதற்காக இத்தனை வருடம் இந்த மேஜைக்கு முன்னால் பட்டினி கிடந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற தைரியம் இதுவரைக்கும் வந்ததில்லை. அந்தச் சாயங்காலம் அவளுக்கு இருபத்து நாலு வயது, உடம்பில் ரத்தம் போயிருந்தது, சோறு கேட்டது. அவள் செய்தது ஒன்று, அவள் தின்றது இன்னொன்று. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்தது கடவுள் இல்லை, அவள்தான். முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்த மாதிரி இருந்தது, உடனே பயமும் வந்தது, இத்தனை நாள் சுமந்ததைத் திடீரென்று இறக்கி வைத்தால் ஆளே சாய்ந்துவிடுவோமோ என்று.

சரி, இறக்கி வைக்கிறேன், ஆனால் இவன்? அவன் மட்டும் எப்படி மாதா மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துவிட்டு வருகிறான், இந்த எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் அடியில் தணல் மாதிரி கிடப்பது. வாயிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னவன் போய் முழங்கால் போட்டு வாங்கித் தின்கிறான், கேட்டுக்கொண்டு நின்றவள் ஒதுங்கிக் கிடக்கிறாள், இது என்ன நியாயம். அவன் கையைத் தாழ்த்தி ஒரு வரிசையை நிறுத்தினான். கிராதி காலியாவதற்குக் காத்து நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டே வாசித்தவள், இவன் எந்தப் பந்தியில் போவான் என்று யோசித்தாள். கடைசியிலா? கடைசியில் ஐயர் மீதி அப்பத்தை மூடிவிடுவாரே. முதலிலா? முதலில் சபையை நடத்துகிற சேகரக் கமிட்டிக்காரர்கள் அல்லவா போனார்கள், அதில் இவன் இல்லை, இவன் அப்போதும் இங்கேதான் நின்றுகொண்டிருந்தான். மற்ற மாதங்களில் விடியற்கால ஆராதனையிலா? அங்கேயும் வரிசை அனுப்புகிறவன் இவன்தான், அங்கேயும் ஆர்கன் அவள்தான். ஒரு சரணம் முழுக்க அவள் யோசித்தாள். ஊரார் எல்லாருடைய உள்ளங்காலும் அவளுக்குத் தெரியும். ஆசீருடைய வலது பாதத்தில் கருவேல முள் ஏறி ஆஸ்பத்திரியில் கீறி எடுத்த தழும்பு இருக்கிறது, கட்டிலில் எத்தனையோ தடவை அவள் கால் அதில் உரசியிருக்கிறது. அந்தத் தழும்பை இந்தக் கிராதிக்கு முன்னால் எப்போது பார்த்தாள்? கிறிஸ்துமஸ்? ஈஸ்டர்? அவனுடைய அப்பா செத்த வருடம்? ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு கிடைத்தால் போதும் என்று துழாவினாள். கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றிலும் அவன் நடுப்பாதையின் தலைமாட்டில் நின்றுகொண்டு மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கெசியாவிடம் அம்மாகூட போ என்று அவன் சொன்னது சோம்பலில் இல்லை, அவள் அப்பாகூட போ என்று சொன்னது எதனாலோ அதனால்தான். ஓட்டலில் காலண்டரைப் பார்த்தவனுக்கு அவள்மேல் அருவருப்பில்லை, தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே கோயிலில், அவள் ஆர்கனுக்குப் பின்னாலும் அவன் நடுப்பாதையிலுமாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஒளிந்திருக்கிறார்கள். கடவுளே, என்ன முட்டாள்கள் நாங்கள். எடுத்தாச்சா என்று ஒருநாள், ஒரே ஒரு நாள் அவனிடம் கேட்டிருந்தால் போதுமே. அந்த வீட்டில் கேட்கப்படாத கேள்வி அது ஒன்றுதான். அவன்மேல் இத்தனை வருடம் கனன்ற கோபம் எங்கே என்று தேடினாள், கைக்கு அகப்படவில்லை. அதற்குப் பதிலாகப் பரிதாபமும் பிரியமும் ஒரு பெரிய சந்தோஷமும் சேர்ந்து மேலே வந்தன, சந்தோஷம் எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை, ஆனால் அது சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. அவனை மன்னிக்க வேண்டும் என்று அவள் முடிவுகூடச் செய்யவில்லை, பார்த்தால் ஏற்கெனவே மன்னித்திருந்தாள். இவ்வளவு சுலபமாக என்னால் ஒருவனை உள்ளே கூப்பிட முடிகிறதென்றால், என்னை உள்ளே கூப்பிடுகிறவருக்கு எவ்வளவு சுலபம். கோயிலின் கடைசி வரிசை எழுந்து வந்து, எடுத்து, இடத்துக்குத் திரும்பியது. ஐயர் வெள்ளைத் துணிகள் இருந்த பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார். பிள்ளைகள் எழுந்தார்கள், அப்பாக்களும் அம்மாக்களும் இரண்டு பக்கமுமிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். கெசியா எழுந்தாள், ஒருமுறை ஆர்கன் பக்கம் பார்த்தாள், ஒருமுறை நடுப்பாதையைப் பார்த்தாள், பிறகு தனியாக நடந்தாள்.

எப்சிபா கட்டையிலிருந்து கையை எடுத்தாள். சரணத்தின் நடுவில், ஒரு வார்த்தையின் நடுவில் எடுத்துவிட்டாள். சங்கீதம் நின்றால் என்ன ஆகும் என்று அவள் எப்போதும் பயந்திருந்தாளோ அதுதான் ஆயிற்று, கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரில் மாஸ்டருடைய கண் வெளியே வந்துவிடும் போலிருந்தது. பாட்டு ஒரு கணம் தள்ளாடியது, நடை பழகுகிற பிள்ளை கையை விட்டதும் தள்ளாடுகிற மாதிரி. பிறகு பெண்கள் பக்கம் பின்னாலிருந்து தங்கபுஷ்பம், சுருதியைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து அடுத்த அடியை எடுத்துப் பாடினாள். அவளைச் சுற்றியிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், வராந்தா சேர்ந்துகொண்டது, கடைசியில் வேறு வழியில்லாமல் டிரில் மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். ஆர்கன் இல்லாமலே பாட்டு போய்க்கொண்டிருந்தது, நன்றாகவே போயிற்று. எப்சிபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கி நேராக ஆசீரிடம் போனாள். அவன் கை அசைக்க வரிசை ஒன்றும் மீதியில்லாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"வாங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான். பாட்டுக்கு அடியில் அவன் குரல் கேட்கவே இல்லை, உதடுதான் தெரிந்தது. "நான் எடுக்கதில்ல, எப்சி."

"தெரியும். நானும் எடுக்கல."

"எப்பலருந்து?"

"உங்களுக்கு எப்பலருந்தோ, அப்பலருந்துதான்."

அவன் முகம் ஒரு மாதிரி உடைந்து, உடைந்ததும் அதில் வேறு ஒரு முகம் வந்தது, கல்யாணத்துக்கு முந்தி பஸ் நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருந்தவனுடைய முகம். நமக்குக் கொடுப்பாங்களா என்று கேட்டான். கம்பம் ஏறுகிற, நாற்பதைத் தாண்டின மனுஷன் கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் உண்டா என்று சின்னப் பையன் கேட்கிற மாதிரிக் கேட்டான். பசிக்குதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான். அப்படின்னா வாங்க, பிள்ளை தனியா இருக்கா என்று சொல்லி அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஊரே பார்த்தது, பார்க்கட்டும் என்று நினைத்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில், முந்திரி ஆலையில், மீன் சந்தையில் நாலு விதமாகப் பேசுவார்கள், அதையும் பேசிக்கொள்ளட்டும். கால் தரையில் பாவவில்லை. பயம் எங்கேயோ பின்னால், ஆர்கன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

கெசியா கிராதியின் ஓரத்தில் முழங்கால் போட்டிருந்தாள். பக்கத்தில் புடவை சரசரக்கும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவள், அம்மாவைப் பார்த்தாள், அம்மாவுக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வாய் ஓரத்தில் சிரிப்பு. ஆசீர் எப்சிபாவுக்கு ஒட்டி முழங்கால் போடவில்லை. நெருங்கி இருங்க, இடம் விடாதீங்க என்று எல்லாரையும் நெருக்கி உட்கார வைக்கிறவன், அவளுக்கும் தனக்கும் நடுவே ஒரு பிள்ளை முழங்கால் போடுகிற அளவுக்கு இடம் விட்டிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். நகர்ந்து மூடவில்லை. விரல் நீட்டுகிற பிள்ளை என்று அந்தப் பந்தலில் கேட்ட நாளிலிருந்து அந்த முகத்தை நினைக்கவே பயந்திருந்தாள். இப்போது முதல் தடவையாகப் பயப்படாமல் நினைத்தாள், நீயும் வா, அம்மா அப்பா வந்திட்டோம் என்று மனசுக்குள் சொன்னாள். ஐயர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். கெசியாவுக்குக் கொடுத்தார். எப்சிபாவின் முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார், இத்தனை மாதம் எந்த ஆராதனையில் எடுத்தாள் என்று கணக்குப் பார்த்தாரோ என்னவோ, பிறகு குனிந்து அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். வாய் இறுகவில்லை. அது ருசியாக இருந்தது. கோயிலில் எல்லாரும் இந்த இடத்தில் முணுமுணுப்பாகச் சொல்வதை, பாடகர் குழுவின் முழுக் குரலில், வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.